ஒரே அப்பம், இரண்டு வரிசை

திண்டிவனத்தில் மாணவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கேட்டார்: "நற்கருணை வாங்குறது எனக்கும் இயேசுவுக்கும் உள்ள உறவு. அதுல ஏன் தோழர் சாதியைக் கொண்டு வர்றீங்க?"

அவர்மீது எனக்குக் கோபமில்லை. மறைக்கல்வி வகுப்பில் நமக்கெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பாவசங்கீர்த்தனம் செய், ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாதே, கைகுவித்துப் போ, 'ஆமென்' சொல், திரும்பி வந்து கண்ணை மூடிச் செபி. பக்கத்தில் நிற்பவர் யார் என்று பார்க்க மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

ஆனால் நற்கருணையைப் பற்றிய மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று, ஒரு சாப்பாட்டுத் தகராறு குறித்துத்தான் வந்தது. கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தின்று குடிக்கிறார்கள். இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். பவுல் தன் முதல் கடிதத்தின் 11-ஆம் அதிகாரத்தில் சீறுகிறார். தகுதியில்லாமல் உண்பவன் தனக்கே தீர்ப்பைத் தேடிக்கொள்கிறான் என்று அவர் எச்சரிப்பது இந்த இடத்தில்தான். நம் பிரசங்கங்களில் அந்தத் தகுதியின்மை எப்படியோ கெட்ட எண்ணம், சினிமா, காதல் என்று சுருங்கிப்போனது.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு இறையியல் பட்டம் வேண்டாம். பந்தி என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். யாருக்கு நடுவீட்டில் இலை, யாருக்குக் கொல்லைப்புறத்தில் என்பதில்தான் சாதி தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. சேர்ந்து சாப்பிடுவதால் மட்டும் சாதி ஒழியாது என்று அம்பேத்கர் 1936-லேயே எழுதிவிட்டார். சரிதான். ஆனால் சேர்ந்து சாப்பிடுவதையே வழிபாடாக வைத்திருக்கும் ஒரு மதம், அதைக்கூடச் செய்யவில்லை என்றால்?

எறையூரை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது விழுப்புரம் மாவட்டம், இப்போது கள்ளக்குறிச்சி. ஜெபமாலை மாதா கோயிலில் வன்னியர் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும் ஒரே அப்பத்தைத்தான் வாங்கினார்கள். ஆனால் உட்கார இடம் வேறு, கல்லறை வேறு. மரியாதை கிடைக்காத தலித் மக்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று தலித் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் கிறிஸ்தவர்கள் இருவர் இறந்தார்கள். அடித்தவர், அடிபட்டவர், செத்தவர் எல்லாரும் ஒரே மறைமாவட்டம். தனிப் பங்கு கேட்பது கிறிஸ்துவின் உடலைப் பிளப்பது என்று அன்று சிலர் நமக்குப் புத்தி சொன்னார்கள். பிளந்து கிடந்த உடலைத்தானே அந்த மக்கள் காட்டினார்கள்?

இது நேற்று முளைத்ததும் இல்லை. புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து நின்ற சுவர் 1745-இல் இடிக்கப்பட்டதையும், அதற்குச் சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். சுவரை இடிக்க அன்றைக்கே ஆள் இருந்தது என்பதையும் நாம் சேர்த்தே படிக்க வேண்டும். நூறு ஆண்டு கழித்து, 1847-இல், அமெரிக்க மதுரை மிஷன் தன் ஊழியர்கள் சாதி பாராமல் சேர்ந்து சாப்பிட்டாக வேண்டும் என்று நிபந்தனை போட்டது. மறுத்த பலரை நீக்கியது. மிஷனரிகளிடம் எனக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு; இந்த ஒன்றில் அவர்கள் பவுலைச் சரியாகப் படித்திருந்தார்கள்.

இன்று விவாகரத்தாகி மறுமணம் செய்த பெண்ணுக்கு நற்கருணை இல்லை என்று சொல்லத் தெரிகிறது. தலித் பிணம் பொதுப்பாதையில் வரக்கூடாது என்று மறித்தவருக்கு அப்படி மறுக்கப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவரும் ஞாயிறு காலை நாக்கை நீட்டுகிறார், அப்பம் கிடைக்கிறது. சாமியாருக்கு அவர் யாரென்று தெரியாதா என்ன?

அந்தத் தம்பியிடம் நான் ஒன்றுதான் கேட்டேன். அடுத்த ஞாயிறு வரிசையில் நிற்கும்போது கண்ணைத் திறந்து வை. முன்னால் உட்காருபவர் யார், பாடகர் குழுவில் யார், பங்குப்பேரவையில் யார், தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, செத்தால் யாரை எங்கே புதைக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வா. அடுத்த கூட்டம் விழுப்புரத்தில். அந்தத் தாளை வைத்துக்கொண்டு பேசுவோம்.