செய்தி 20 கேபி, பக்கம் 2 எம்பி: மழை ராத்திரியில் யாருக்கு நஷ்டம்?

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்ட நாள். அடையாறில் எங்க தெருவில் காலையிலேயே கரண்ட் போச்சு. சாயங்காலம் ஃபோனில் 14 சதவீதம் சார்ஜ், சிக்னல் ஒரே ஒரு கோடு. எனக்குத் தெரிய வேண்டியது ஒரே விஷயம்தான்: செம்பரம்பாக்கத்தில் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள்? 2015-ஐப் பார்த்த அடையாறு, கோட்டூர்புரம், சைதாப்பேட்டைக்காரர்களுக்கு அந்த எண் ஏன் முக்கியம்னு விளக்கவே வேண்டாம்.

ஒரு செய்தித் தளத்தைத் திறந்தேன். கொஞ்ச நேரம் வெள்ளைத் திரை. அப்புறம் 'நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா?' அதை மூடினால் 'ஆப்பில் படியுங்கள்'. அதையும் மூடினால், கீழே ஒரு வீடியோ தானாக ஓடப் பார்த்துச் சுத்திக்கிட்டே இருந்தது. தலைப்பு வந்தது, கன அடி வரவில்லை. சார்ஜ் 11 சதவீதம். கடைசியில் மாடி வீட்டு மாமாவின் பழைய டிரான்சிஸ்டரில் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டோம்.

அந்தப் பக்கத்தில் அப்படி என்னதான் இருக்கு?

சின்னக் கணக்கு. கம்ப்யூட்டரில் ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழில் 'க' என்று எழுத 3 பைட், 'கி' என்றால் 6. அப்படி இருந்தும், நீங்கள் படிக்கும் இந்தக் கட்டுரையின் எழுத்து மொத்தமும் 20 கேபிக்கு முன்னே பின்னேதான் வரும். ஆனால் பக்கம்? இணையதளங்களின் எடையைத் தொடர்ந்து அளந்துவரும் எச்டிடிபி ஆர்க்கைவ் திட்டத்தின் கணக்கில், 2010 கடைசியில் நடுத்தரமான ஒரு பக்கம் 500 கேபிக்கும் கீழே இருந்தது. இப்போ மொபைலிலேயே 2 எம்பியைத் தாண்டியாச்சு. 1993-ல் வந்த டூம் வீடியோ கேமின் இலவசப் பதிப்பே சுமார் 2.4 எம்பிதான். ஒரு முழு விளையாட்டு அது!

நெட் திணறி 100 கேபிபிஎஸ் வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். 20 கேபி எழுத்து இரண்டு நொடிக்குள் வந்துவிடும். 2 எம்பி வர இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும்.

மீதி எடை பெரும்பாலும் படங்களும் ஜாவாஸ்கிரிப்டும்தான். படம் வந்தால் வந்ததோடு சரி. ஜாவாஸ்கிரிப்ட் அப்படியில்லை. அது ஒரு புரோகிராம். உங்க ஃபோன் அதைப் படித்து, ஓட்டியும் ஆகணும். நீங்கள் பக்கத்தைத் திறந்த நொடியில் அங்கிருக்கும் விளம்பர இடங்களுக்கு ஏலம் நடக்கிறது. நீங்கள் எங்கே தொட்டீர்கள், எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று வேறு சில புரோகிராம்கள் குறித்துக்கொள்கின்றன. இதற்கெல்லாம் உழைப்பது உங்க பேட்டரி. ஃபோன் சூடாவதும் அதனால்தான்.

தளத்தைக் கட்டுபவர் அதைச் சோதிப்பது ஓ.எம்.ஆர். ஆபீஸ் வைஃபையில், புத்தம்புது ஃபோனில். படிப்பவர் திறப்பதோ தி.நகர் ரங்கநாதன் தெருவில், தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ஒரே டவரை மொத்தக் கூட்டமும் பங்கு போடும்போது.

'டேட்டாதான் மலிவாச்சே?'

2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு எல்லோரும் சொல்லும் பதில் இது. குரோம் பிரவுசரில் பக்கங்களைச் சுருக்கித் தந்த 'லைட் மோட்' வசதியை கூகுள் 2022-ல் எடுத்தபோது சொன்ன காரணங்களில் ஒன்றும், பல நாடுகளில் டேட்டா விலை குறைந்துவிட்டது என்பதுதான். அதே ஆண்டில் யூடியூப் கோ-வுக்கும் மூடுவிழா. சாதாரண செவ்வாய்க்கிழமைக்கு அந்த வாதம் சரி. புயல் நாளில் நமக்குத் தட்டுப்பாடு டேட்டா இல்லை, சிக்னலும் சார்ஜும். அதை எந்த பிளானிலும் விற்பதில்லை.

சரி, நாம் எப்படிச் சமாளிக்கிறோம்? ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரியில் 'ரீடர்' வசதி இருக்கு, கண்ணுக்கு இதம். ஆனா பக்கம் இறங்கிய பிறகுதான் அது வேலை செய்யும் என்பதால் டேட்டா பெரிதாக மிச்சமாகாது. ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜினைச் சேர்த்தால் உண்மையாகவே எடை குறையும். ஓபரா மினி தன் சர்வரில் பக்கத்தைச் சுருக்கி அனுப்புகிறது. நடுவில் இன்னொருவர் கை இருப்பதால் பேங்க் வேலைக்கு வேண்டாம்.

இதெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்கு. மயிலாப்பூரில் இருக்கும் என் அத்தை செய்தித் தளம் எதையும் திறப்பதே இல்லை. ஃபேமிலி குரூப்பில் யாராவது ஸ்க்ரீன்ஷாட் போட்டால் படிப்பார். எனக்குக் கவலை தருவது இந்தச் சமாளிப்புதான். 2015 வெள்ளத்தில், முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாக வாட்ஸ்அப்பில் பரவியது, அது புரளி. 2023-ல் பெருங்களத்தூர் பக்கம் ரோட்டைக் கடக்கும் முதலை வீடியோ வந்தது, அது நிஜம்! எது எதுன்னு அத்தை எப்படிப் பிரிப்பார்? சரிபார்த்த செய்தி திறக்கவில்லை, புரளி உடனே திறக்கிறது.

வழி இல்லாமல் இல்லை. 2017-ல் இர்மா சூறாவளி ஃபுளோரிடாவை நெருங்கியபோது சி.என்.என்., என்.பி.ஆர். இரண்டும் வெறும் எழுத்து மட்டும் உள்ள பக்கங்களை முன்னால் வைத்தன. இங்கேயும் நடந்திருக்கு: 2015-ல் மொபைல் தளத்தை மூடி எல்லோரையும் ஆப்புக்குத் தள்ளிய ஃபிளிப்கார்ட், அதே ஆண்டு நவம்பரில் 'ஃபிளிப்கார்ட் லைட்' என்று இலகுவான தளத்தோடு திரும்பி வந்தது. சேலை விற்க முடிகிறதென்றால் ஏரி நிலவரம் சொல்ல முடியாதா?

விளம்பரம் வேண்டாம் என்று சொல்லவில்லை, என் சம்பளமும் அதில்தான் வருகிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த மூன்று மாதத்துக்கு, எங்களையும் சேர்த்து, ஒவ்வொரு தமிழ்ச் செய்தித் தளமும் ஒரே ஒரு எழுத்துப் பக்கம் வைக்கட்டும். மேலே நேரம். செம்பரம்பாக்கம், பூண்டி, புழல் கன அடி. துரைசாமி சுரங்கப்பாதை திறந்திருக்கா, மூடியிருக்கா. மாநகராட்சி உதவி எண் 1913. படம்கூட வேண்டாம்.

மாடி வீட்டு மாமா டிரான்சிஸ்டருக்குப் புது பேட்டரி வாங்கி வச்சுட்டாராம்.