சி.ஆர்.ஓ. திரையில் துள்ளிய பந்து

உலகின் முதல் வீடியோ கேம் எது? என் பேத்தியின் பொது அறிவுப் புத்தகத்தில் இதற்கு விடை: ‘பாங், 1972’. அவள் அதைச் சத்தம் போட்டு உருப்போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. பாலிடெக்னிக்கில் 27 வருடம் எலெக்ட்ரானிக்ஸ் லேப் பார்த்தவள் நான். சி.ஆர்.ஓ. என்று நாங்கள் சொல்லும் ஆசிலாஸ்கோப்பின் பச்சைக் கோட்டைப் பார்த்தே பாதி ஆயுள் போயிற்று. அந்த விடையில் 14 வருடங்கள் விடுபட்டிருக்கின்றன.

1958 அக்டோபர். நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் இருக்கும் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடம் பொதுமக்களை உள்ளே விட்டுச் சுற்றிக்காட்டும் நாள். சுவரில் படங்கள், மேஜையில் அசையாத கருவிகள். வருகிறவர்கள் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கருவியியல் பிரிவின் தலைவர் வில்லியம் ஹிகின்போதமுக்கு இது உறுத்தியது. தொட்டு விளையாட ஏதாவது வைத்தால் என்ன என்று யோசித்தார். ஆய்வுக்கூடத்தில் டோனர் நிறுவனத்தின் அனலாக் கணினி ஒன்று இருந்தது. ஏவுகணையின் பாதை, துள்ளும் பந்தின் பாதை ஆகியவற்றைத் திரையில் வரைவது எப்படி என்று அதன் கையேட்டிலேயே இருந்தது. ஹிகின்போதம் பந்தை எடுத்துக்கொண்டார், அதை இருவர் ஆடும் டென்னிஸாக்கினார்.

பிறகு அவர் செய்ததை நான் ஒவ்வொரு வருடமும் மாணவர்களிடம் விவரித்திருக்கிறேன். 741 ஐ.சி.யில் இன்டக்ரேட்டர் போட்டு, சதுர அலையைக் கொடுத்து, திரையில் முக்கோண அலை வந்ததும் பிள்ளைகள் ‘ரீடிங்’ எடுத்துவிட்டுக் கிளம்பப் பார்ப்பார்கள். நில்லுங்கள் என்பேன். புவியீர்ப்பை மாறாத ஒரு வோல்டேஜாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை இன்டக்ரேட் செய்தால் பந்தின் வேகம் வரும், இன்னொரு முறை செய்தால் உயரம். அதை சி.ஆர்.ஓ.வுக்குக் கொடுங்கள், புள்ளி ஏறி இறங்கும். தரையைத் தொட்ட நொடியில் ஒரு ரிலே ‘டக்’கென்று மாறி வேகத்தின் திசையைத் திருப்பும். பந்து துள்ளிவிட்டது! புரூக்ஹேவன் பந்து காற்றின் தடையில் வேகம் குறையவும் செய்தது. தரை, வலை, பந்து மூன்றையும் ஒரே எலெக்ட்ரான் கற்றைதான் மாறி மாறி வரைந்தது. டிரான்சிஸ்டர்கள் அத்தனை வேகமாக மாற்றிவிட்டதால் கண்ணுக்கு மூன்றும் ஒன்றாகத் தெரிந்தன.

திரை வெறும் 5 அங்குலம். மைதானத்தைப் பக்கவாட்டில் பார்க்கிற மாதிரி படம். மட்டை கிடையாது, ஸ்கோரும் கிடையாது. ஆளுக்கு ஒரு பெட்டி. குமிழைத் திருகினால் பந்து போகும் கோணம் மாறும், பொத்தானை அமுக்கினால் அடி விழும். நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையில் நின்று ஆடினார்கள்.

வயரிங் முழுவதும் ராபர்ட் டுவோராக் என்ற டெக்னீஷியனின் கைவேலை. சுமார் 3 வாரத்தில் முடித்தார். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஹிகின்போதமோடு நிறுத்திக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். தாளில் இருக்கும் சர்க்யூட் வேலை செய்யும்வரை உட்கார்ந்து சால்டர் வைப்பவரின் பாடு லேபில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

மறு வருடம் பெரிய திரை வைத்தார்கள். நிலவின் ஈர்ப்பிலும் வியாழனின் ஈர்ப்பிலும் ஆடிப் பார்க்க வசதி செய்தார்கள். அதன்பின் கழற்றிவிட்டார்கள், பாகங்கள் வேறு வேலைக்குத் தேவைப்பட்டன. ஹிகின்போதம் காப்புரிமை கேட்கவில்லை.

இதைத்தான் முதல் ஆட்டம் என்று எழுதச் சொல்லவில்லை. 1952-லேயே கேம்பிரிட்ஜில் ஏ.எஸ். டக்ளஸ், எட்சாக் கணினியின் திரையில் ‘எக்ஸ்-ஓ’ ஆட்டத்தைத் தன் ஆய்வேட்டுக்காக ஓட்டியிருக்கிறார். கடைக்கு வந்த ஆட்டங்களை மட்டும் கணக்கில் எடுத்தாலும் பாங் முதலாவதில்லை. 1971-ல் ‘கம்ப்யூட்டர் ஸ்பேஸ்’ வந்தது, 1972-ல் மேக்னவாக்ஸின் ஒடிஸி பாங்கை முந்திக்கொண்டது. பெரிதாகக் காசு பார்த்தது எதுவோ அதையே தொடக்கம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அது தவறு. மேக்னவாக்ஸின் காப்புரிமையை உடைக்க 1980-களில் நிண்டெண்டோ இந்த டென்னிஸைச் சாட்சிக்கு இழுத்தது. ஆசிலாஸ்கோப்பில் ஓடியது வீடியோ சிக்னல் ஆகாது என்று நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. சட்டத்துக்கு அந்த அளவுகோல் சரியாக இருக்கலாம். பள்ளிப் புத்தகத்துக்கு எதற்கு?

ஹிகின்போதம் போர்க்காலத்தில் லாஸ் அலமோஸில் அணுகுண்டுக்கான நேரச் சுற்றுகளில் வேலை செய்தவர். போர் முடிந்ததும் அமெரிக்க விஞ்ஞானிகள் கூட்டமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவராகி, அணு ஆயுதப் பரவலைத் தடுக்கப் பாடுபட்டார். தன்னை அந்த வேலைக்காகவே நினைக்க வேண்டும் என்று விரும்பினார். 1994-ல் இறந்தார்.

1997-ல் ஆய்வுக்கூடத்தின் 50-ஆம் ஆண்டுக்காக அந்த ஆட்டத்தை அங்கே திரும்பவும் கட்டினார்கள். டுவோராக் 3 வாரத்தில் முடித்ததற்கு இம்முறை 3 மாதம் ஆயிற்று. பழைய பாகங்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.