உறைந்த பூட்டும் உதவாத அவசரமும்

கனடா தேசத்தில் பனிக்காலத்தை எதிர்கொள்ள அரசாங்கமும் நகரசபைகளும் செய்யும் ஏற்பாடுகள் சாமானியமானவை அல்ல. சாலைகளில் தூவுவதற்கு உப்பைச் சேகரித்து வைக்கிறார்கள். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் இல்லாமல் கார் ஓட்டுவதே சட்டவிரோதம். வின்னிபெக் நகரத்திலோ, இரவெல்லாம் வெளியே நிற்கும் காரின் எஞ்சினுக்குச் சூடேற்ற, கார் நிறுத்துமிடங்களிலேயே மின்சார இணைப்பு வைத்திருக்கிறார்கள். ஆயினும் இவ்வளவு முன்யோசனையும் காரை ஓட்டுவதைப் பற்றியதேயன்றி, காருக்குள் ஏறுவதைப் பற்றியதன்று. விடிவதற்கு முன்பே வேலைக்குப் புறப்பட்டு, உறைந்துபோன கதவின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தவிக்கிறவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்லிக் கொடுப்பதில்லை. வெப்பதேசங்களிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு, ஸ்கார்பரோவிலும் மார்க்கம் நகரிலும் வாழும் நம்மவர் உட்பட, கார் ஓட்டக் கற்பிக்கும்போதே இதையும் கற்பிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கதவு உறைவதற்குக் குளிரே காரணம் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் குற்றவாளி ஈரம். வறண்ட கடுங்குளிரைக் காட்டிலும், பகலில் பனி உருகி இரவில் மறுபடியும் உறைகிற டொராண்டோவின் இரண்டுங்கெட்டான் பருவமே கதவுகளுக்கு அதிகச் சங்கடம் விளைவிக்கிறது. உறைமழை பெய்த மறுநாளும், காரைக் கழுவிவிட்டுத் துடைக்காமல் நிறுத்திய மறுநாளும் இந்த அனுபவம் பெரும்பாலும் நேர்கிறது. சாவித்துவாரத்துக்குள் புகுந்த நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருமன் கூடி, பூட்டின் உள்ளே சாவிக்கு இசைந்து ஏறி இறங்க வேண்டிய சின்னஞ்சிறு தகடுகளை அசையவொட்டாமல் இறுக்கிவிடுகிறது. பூட்டு திறந்துவிட்டாலும், கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை சட்டத்தோடு ஒட்டி உறைந்திருந்தால் கதவு வருவதில்லை. ஆகையால், ரிமோட் இருக்கும்போது சாவியும் பூட்டும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ரிமோட்டின் ஆணைக்குப் பூட்டு கீழ்ப்படியலாம், ரப்பர் கீழ்ப்படியாது. அன்றியும் கடுங்குளிரில் ரிமோட்டின் பாட்டரி வலுவிழந்து, கைப்பிடியில் மூடிக்குள் மறைந்திருக்கும் சாவித்துவாரமே கதியாகிவிடுவதும் உண்டு.

இந்தச் சமயத்தில் அவசரம் கற்பிக்கும் உபாயங்கள் யாவும் விபரீதமானவை. கொதிநீரை ஊற்றினால் குளிர்ந்த கண்ணாடி விரிசல் காணக்கூடும். ஊற்றிய நீரும் சற்று நேரத்தில் உறைந்து, இருந்த பனிக்கட்டியோடு புதியதையும் சேர்த்துவிடும். வாயால் ஊதினால் மூச்சிலுள்ள ஈரம் சாவித்துவாரத்துக்குள்ளே போய்ச் சேரும். சிப் பதித்த சாவியைத் தீயில் காட்டினால் சாவியே பாழாகும். பலங்கொண்ட மட்டும் இழுத்தால், குளிரில் எளிதில் முறியும் தன்மையடைந்த பிளாஸ்டிக் கைப்பிடி உடைந்து கையோடு வரும். அல்லது ரப்பர் பட்டை கிழிந்து, அந்தக் கிழிசல் வழியே உள்ளே கசியும் நீர் அடுத்த உறைவுக்கு வித்திடும்.

விவேகமான வழி இழுப்பதன்று, அழுத்துவது. கதவின் விளிம்புகளை உள்ளங்கையால் சுற்றிலும் அழுத்திக்கொண்டே வந்தால், ரப்பரைப் பிணைத்திருக்கும் மெல்லிய பனிக்கட்டி நொறுங்கும். அப்படியும் திறவாவிட்டால், வெயிலோ காற்றின் மறைவோ உள்ள பக்கத்துக் கதவை முயன்று பார்த்து, அதன் வழியே ஏறி எஞ்சினை ஓடவிடலாம். பூட்டுக்கு ஆல்கஹால் கலந்த டி-ஐசர் உகந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சுமார் மைனஸ் 89 டிகிரி செல்சியஸில்தான் உறையும் என்பதால், அது பனிக்கட்டியோடு கலந்து அதை இளகச் செய்துவிடும். டி-ஐசர் கைவசம் இல்லாதபோது, ஆல்கஹால் சேர்ந்த சானிடைசரைச் சாவியில் தடவி நுழைத்துப் பார்க்கலாம். அந்த டி-ஐசர் குப்பியைப் பத்திரமாகக் காருக்குள்ளேயே வைத்துப் பூட்டுகிற புத்திசாலிகளும் உண்டு. அது இருக்க வேண்டிய இடம் கோட்டுப் பை.

இருந்தாலும் இவையெல்லாம் வந்தபின் செய்யும் பரிகாரங்களே. வருமுன் காப்பதற்கு நவம்பர் மாதத்து ஒரு பிற்பகல் போதும். ரப்பர் பட்டைகளைத் துடைத்து உலர்த்திச் சிலிக்கோன் பூச வேண்டும். பெட்ரோலிய எண்ணெயும் வாசலினும் ரப்பரை ஊதச் செய்து கெடுக்கும் ஆதலால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். சாவித்துவாரத்தில் கிராபைட் தூள் இட்டு, இடையிடையே சாவியால் பூட்டித் திறந்து பழக்க வேண்டும். காரைக் கழுவினால் கதவுகளைத் திறந்து, ஓரங்களிலுள்ள ஈரத்தைத் துடைத்த பிறகே நிறுத்த வேண்டும்.

மானிடோபாவின் சர்ச்சில் என்னும் ஊரில், துருவக்கரடி துரத்தினால் யாரேனும் ஓடி ஒளிந்துகொள்ளட்டும் என்று கார்க் கதவுகளைப் பூட்டாமலே விடும் வழக்கம் உண்டு. பனிப்பிரதேசத்தில் கதவு திறப்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதை அவ்வூரார் உணர்ந்திருக்கிறார்கள். மற்ற பெரும்பாலான ஊர்களில் துருவக்கரடி இல்லை. ஆனால் மணிக்கணக்கில் கூலி பெறுகிறவருக்குத் தாமதத்தால் போகும் சம்பளம் உண்டு, கொட்டும் குளிரில் நடுங்கி நிற்கும் குழந்தைகளும் உண்டு. கார் விற்பவர் சாவியைக் கையில் கொடுக்கும்போதும், ஓட்டக் கற்பிப்பவர் முதல் பாடத்தின்போதும் பத்து நிமிஷம் இதற்கென்று ஒதுக்குவார்களானால், அவர்களுக்கு அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை; புதிதாய் வந்தவர்களுக்கோ அது பெரிய உபகாரமாகும்.