பசை அட்டையை வீட்டுக்குள் விடாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் உட்கார்ந்த பொறுமையில் பாதி இருந்தால்கூடப் படித்துவிடலாம்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. பசை அட்டையில் ஒரு சுண்டெலி ஒட்டிக் கிடக்கிறது. ஒரு காலை எடுக்கப் பார்க்கிறது, அடுத்த காலும் ஒட்டிக்கொள்கிறது. கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். போட்டவர்களில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. "இதில் சிரிக்க என்னப்பா இருக்கு?" என்று கேட்டேன். "டீச்சர், எலிக்கெல்லாம் பாவம் பார்த்தா துணி பண்டலை யாரு காப்பாத்துறது?" என்று பதில் வந்தது.

நியாயமான கேள்விதான். அதற்குத்தான் இந்தப் பதிவு.

எலியைக் கொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. செட்டியார்பட்டி, தளவாய்புரம் பக்கம் தையல் மெஷின் ஓடாத தெரு ஏது? நைட்டி பண்டலுக்குள் எலி ஒரு ராத்திரி புகுந்தால் எத்தனை பேருடைய உழைப்பு வீண் என்று எனக்கும் தெரியும். எலிக்காய்ச்சலும் விளையாட்டல்ல. எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் இருக்கிற கிருமி, காலில் உள்ள சின்னப் புண் வழியாகவே உடம்புக்குள் போய்விடும். எலியை வீட்டுக்குள் விடக் கூடாது. அதில் நமக்குள் சண்டை இல்லை.

சண்டை அந்த அட்டையோடுதான்.

அது எலியைக் கொல்வதில்லை, பிடித்து வைக்கிறது. அவ்வளவுதான். பிறகு அந்த எலி மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில், தாகத்திலும் களைப்பிலும் சாகிறது. தோல் பிய்கிறது. தன் காலைத் தானே கடித்துக்கொள்வதும் உண்டு. நாம் என்ன செய்கிறோம்? அட்டையை அப்படியே மடித்துக் குப்பைத் தொட்டியில் போடுகிறோம். மறுநாள் காலையில் அதை அள்ளுகிறவர் தூய்மைப் பணியாளர். உள்ளே உயிர் துடித்துக்கொண்டிருக்கும். அவர்களும் நம்மைப் போன்ற மனிதர்கள்தானே?

"நோய் வராமலிருக்கத்தானே வைக்கிறோம்" என்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே பசைப் பொறி வேண்டாம் என்கிறது. சிக்கிய எலி பயத்தில் மூத்திரம் பெய்யும், அதனால் கிருமி நம்மைத் தொடும் வாய்ப்பு கூடும் என்பதுதான் காரணம். உயிரோடு பிடிக்கும் கூண்டுக்கும் அவர்கள் இதையே சொல்கிறார்கள். நோய்க்குப் பயந்து அட்டை வைப்பது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

அடுத்து, அந்த அட்டைக்கு எலி எது, மற்றது எது என்று தெரியாது. பல்லி ஒட்டும், ஓணான் ஒட்டும், சிட்டுக்குருவியும் அணில் குட்டியும் ஒட்டும். மூஞ்சூறும் ஒட்டும்.

இந்த மூஞ்சூறைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூஞ்சூறு எலியே அல்ல. எலி கொறிக்கும் இனம். மூஞ்சூறு பூச்சி தின்னும் இனம். நீண்ட கூர் மூக்கும், சின்னக் கண்ணும், ஒரு மாதிரி வாடையும் உள்ளது. சுவரோரமாகக் கீச்சிட்டுக்கொண்டு ஓடும். உங்கள் துணி பண்டலைக் கொறிப்பது அதன் வேலையல்ல. அது தேடுவது கரப்பான் பூச்சியை. சம்பளமில்லாத வேலைக்காரனைப் பசையில் ஒட்டிக் கொன்றுவிட்டு, கரப்பானுக்கு மருந்து வாங்கக் கடைக்குப் போகிறோம்! விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையாரின் காலடியில் அதே மூஞ்சூறுக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுகிறோம்.

நம் முன்னோர் எலியைத் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. சேர்த்துச் சேர்த்து வளைக்குள் பதுக்கும் கஞ்சனுக்கு எலியை உவமை சொன்னது புறநானூறு. அதே தமிழ்நாட்டில் வேதாரண்யம் கோயில் கதையும் இருக்கிறது. அணையப் போன விளக்கின் திரியை அறியாமல் தூண்டிவிட்ட எலி, அந்தப் புண்ணியத்தால் மறுபிறவியில் மகாபலிச் சக்கரவர்த்தி ஆனதாம். திட்டவும் செய்தார்கள், ஏற்றவும் செய்தார்கள். அது துடிப்பதை வேடிக்கை பார்த்துச் சிரிக்கச் சொல்லித் தரவில்லை.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. விலங்குக்குத் தேவையற்ற வேதனை தருவது குற்றம் என்பது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். அதற்காக மாநிலங்களவையில் முதலில் குரல் கொடுத்தவர் நம் கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல். 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கும் அவர்தான் முதல் தலைவர். பசை அட்டைக்கு எதிராக அந்த வாரியம் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. இங்கிலாந்தில் 2022-இல் தனிச் சட்டமே போட்டு, 2024 ஜூலை 31 முதல் பொதுமக்கள் இதை வைப்பதைக் குற்றமாக்கிவிட்டார்கள். நம் ஊரில் மளிகைக் கடையில் சோப்புக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறது.

இப்போது ஒரு கணக்கு. சுண்டெலியின் கர்ப்பகாலம் சுமார் 20 நாள். ஒரு ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி. ஆறு வாரத்தில் அந்தக் குட்டிகளும் குட்டி போடத் தயார். நீங்கள் அட்டையில் ஒன்றைப் பிடிப்பதற்குள் சுவருக்குப் பின்னால் ஆறு பிறந்திருக்கும். தீனியும் ஓட்டையும் இருக்கிற வரை இந்தக் கணக்கில் ஜெயிப்பது எலிதான்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான்:

1. ஓட்டையை அடையுங்கள். சுமார் 6 மில்லிமீட்டர் இடைவெளி, அதாவது ஒரு பென்சில் நுழைகிற ஓட்டை, சுண்டெலிக்குப் போதும். இரும்பு நார் திணித்துச் சிமென்ட் பூசுங்கள். கதவடி இடைவெளிக்குத் தகடு அடியுங்கள்.

2. பண்டலைத் தரையில், சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். பலகை போட்டு உயர்த்தி, சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். கழிவுத் துணியை அன்றன்றே அகற்றுங்கள். மெஷினுக்குப் பக்கத்தில் முறுக்கு, மிக்சர் பொட்டலம் வேண்டாம்.

3. கொன்றே தீர வேண்டுமென்றால் ஒரே அடியில் முடிக்கிற அடிப்பொறி வையுங்கள். வயல்காரர்களுக்குத் தஞ்சாவூர் கிட்டி இருக்கவே இருக்கிறது. கூண்டில் பிடித்து வாளித் தண்ணீரில் முக்குவதும் சித்திரவதைதான்.

4. குழந்தை உள்ள வீட்டில் எலி விஷம் வேண்டவே வேண்டாம். விஷம் தின்ற எலியைத் தின்னும் கூகையும் செத்துப்போகும்.

5. கூகையையும் சாரைப்பாம்பையும் விட்டுவையுங்கள். கூகை கத்தினால் சாவு வரும் என்று கல்லெடுக்காதீர்கள். சாரைக்கு விஷமே இல்லை, சட்டப் பாதுகாப்பும் உண்டு. எலிக்குப் பகை பாம்பு என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார். வயலில் டி வடிவக் குச்சி நட்டால் ராத்திரி ஆந்தை வந்து உட்கார்ந்து தன் வேலையைப் பார்க்கும்.

அட்டையில் ஏற்கெனவே ஏதாவது சிக்கியிருந்தால், கையுறை மாட்டிக்கொண்டு சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டால் பசை இளகும்.

கடைசியாக ஒன்று. அந்த வீடியோவில் பின்னால் ஒரு சின்னப் பிள்ளையின் சிரிப்புச் சத்தமும் கேட்கிறது. என் கவலை எலியைவிட அந்தப் பிள்ளையைப் பற்றித்தான். தன்னைவிடச் சின்ன உயிர் துடிக்கும்போது சிரிக்கலாம் என்று நாம்தான் அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். நாளைக்கு வகுப்பில் இளைத்த பையன் ஒருவன் அழும்போதும் அது சிரித்தால், எந்த வாத்தியாரைக் குற்றம் சொல்வீர்கள்?

கடை வைத்திருக்கிற என் மாணவர்களே, அந்த அட்டையை இனி வாங்கி வைக்காதீர்கள். மற்றவர்கள், வீட்டில் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். என்னோடு சண்டை போட நினைப்பவர்கள் தாராளமாகக் கீழே எழுதுங்கள். பதில் சொல்ல எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.