இடையின் பெயரால்

எண்கள் பக்கஞ் சாராதவை என்னும் நம்பிக்கை கலைப்பீட மாணவரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. அதனை ஊட்டுவது வாய்பாடே. நடுப்பெறுமானத்தை மீடிறனாற் பெருக்குக; பெருக்கங்களைக் கூட்டுக; மொத்த மீடிறனால் வகுக்க. இடை கிடைத்துவிடும். இக்கட்டளைகளின் அடியில் ஓர் எடுகோள் மறைந்து கிடப்பதைச் சொல்லாது வாய்பாட்டை மாத்திரம் கற்பிப்பது அரைக் கல்வியாகும்.

கூட்டமாக்கப்படாத தரவுகளில் இடை ஒரு கணிப்பு. ஒவ்வொரு பெறுமானமும் எத்தனை முறை வந்ததோ அத்தனை முறை எண்ணப்படுகிறது, எதுவும் தொலைவதில்லை. கூட்டமாக்கிய பரம்பலிலோ அது ஓர் ஊகம். வகுப்பாயிடையுள் அடங்கிய அனைவரும் அதன் நடுப்பெறுமானத்தையே பெற்றதாகக் கொள்ளப்படுகின்றனர். 30–39 என்னும் வகுப்பிற் பத்து மாணவர் உளர் எனக் கொள்க. ஐவர் 31 புள்ளியும் ஐவர் 38 புள்ளியும் பெற்றிருப்பின் இடை 34.5, நடுப்பெறுமானமும் 34.5. கணக்கு, தற்செயலாக, சரி. ஆயின் உயர்தரப் பரீட்சையிற் சாதாரண சித்திக்கு 35 புள்ளி வேண்டும். ஐவர் சித்தியடைந்திருக்க, பத்துப் பேரும் தவறினர் என்றே அவ்வெண் எண்ணத் தூண்டும். பத்துப் பேரும் 31 பெற்றிருப்பினும் அட்டவணை கூறுவது அதே 34.5 தான். அப்போது கணக்கே மூன்றரைப் புள்ளியாற் பிழைத்துவிடுகிறது.

வகுப்புக்கள் பலவாயின் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என வாதிடுவோர் உளர். சமச்சீரான பரம்பலுக்கு அவ்வாதம் பெரிதும் பொருந்தும். சமூக விஞ்ஞான மாணவன் கையாளும் வருமானமும் காணியும் கடனும் சமச்சீரானவையா? வருமான அட்டவணையின் இறுதி வகுப்புப் பெரும்பாலும் ‘ஒரு இலட்சம் ரூபாவும் அதற்கு மேலும்’ என்றவாறு திறந்தே கிடக்கும். திறந்த வகுப்புக்கு நடுப்பெறுமானம் இல்லை. கணிப்பவர் ஒன்றைக் கற்பிக்க வேண்டியதே. நூறு வீட்டலகுகளுட் பத்து அவ்வகுப்பில் இருப்பின், நடுப்பெறுமானத்தை 1,25,000 எனக் கொள்பவருக்கும் 2,50,000 எனக் கொள்பவருக்கும் இடையிற் பிறக்கும் வேறுபாடு 12,500 ரூபா. தரவு ஒன்று, வறுமையின் படமோ இரண்டு. இடையம் இவ்விரு தெரிவுகளாலும் அசையாது. எனினும் அது பாடத்திட்டத்தின் ஏழை உறவினனாகவே நடத்தப்படுகிறது.

கணிப்பு எவ்வளவு செம்மையாயினும் இடை தனித்து நிற்றல் ஆபத்தானது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 ஆம் ஆண்டு வீட்டலகு வருமான செலவின அளவீட்டின்படி மாதாந்த வீட்டலகு வருமானத்தின் இடை 76,414 ரூபா. இடையம் 53,333 ரூபா. அதாவது அரைப்பங்கு வீட்டலகுகள் ‘சராசரி’க்கு இருபத்து மூவாயிரம் ரூபாவுக்கு மேற் குறைவாகவே பெற்றன. நகரத்துறையின் இடை 1,16,670 ரூபாவாக இருக்க, பெருந்தோட்டத்துறையின் இடை 46,865 ரூபா மட்டுமே. நாடு முழுமைக்குமான அந்த ஓர் எண்ணில் லயன் அறைக்காரனைத் தேடினாற் கிடைப்பானா?

யாரை யாரோடு கூட்டுவது என்பதும் வெறும் கணக்கன்று. 2011 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சைக்குப் பழைய, புதிய பாடத்திட்டங்களின் கீழ்த் தோற்றியோரை ஒரே தொகுதியாகக் கொண்டு இசட் புள்ளி கணிக்கப்பட்டது. இசட் புள்ளியோ இடையிலிருந்தான விலகலை நியம விலகலால் வகுத்துப் பெறப்படுவது. இடை பிழைத்தால் முழுவதும் பிழைக்கும். 2012 இல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பின்னரே இரு தொகுதிகளும் வெவ்வேறாகக் கணிக்கப்பட்டன. இடைப்பட்ட மாதங்களில் மாணவர் பட்ட அலைச்சலை எந்த வாய்பாடும் எண்ணவில்லை.

கூட்டமாக்கலும் எடுகொண்ட இடையும் கைக்கணக்கின் களைப்பைக் குறைக்கப் பயன்பட்ட உத்திகள். கணனி பத்தாயிரம் பெறுமானங்களை நொடியிற் கூட்டும் இக்காலத்தில், மூலத் தரவு கையிலிருக்க அதனை வகுப்புக்களாக நறுக்கிப் பின் நடுப்பெறுமானத்தால் ஒட்டவைப்பது வீண்வேலை. மூலத் தரவு கிட்டாதவிடத்து அம்முறை தேவையே. அதனை மறுப்பார் இலர். ஆனால் ஆய்வுக் கட்டுரையொன்றில் அவ்வாறு பெற்ற இடையைத் தருபவர் வகுப்பெல்லைகளையும், திறந்த வகுப்புக்குத் தாம் கற்பித்த பெறுமானத்தையும், இடையத்தையும் அதே அட்டவணையின் கீழ்த் தருதல் வேண்டும். தராத கட்டுரையைத் திருப்பி அனுப்பும் துணிவு விரிவுரையாளருக்கும் வேண்டும்.