கண்ணாடியைக் கழற்றிய பின்

கண்ணாடி அணிவதையே ஒரு குறையென்று கருதும் காலம் இது. திருமணப் பேச்சிலும் குறை, வேலைத் தேர்விலும் குறை, ஆடுகளத்திலோ இடைஞ்சல். ஆகவே, கண்ணுக்குள்ளேயே வில்லை பொருத்திக்கொள்ளும் அறுவையை நம் மாணவ நண்பர்கள் நாடுகின்றனர். நாடட்டும். அறிவியல் தந்த நன்மையைத் தடுக்க நான் யார்? ஆனால், அறுவைக்கு முன் நூறு கேள்வி கேட்பவர்கள், "அதன் பின் என்ன?" என்று ஒரு கேள்வியும் கேட்பதில்லை. என் வழக்கு அதுதான்.

1949இல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி என்ற மருத்துவர், கண்புரை நோயாளி ஒருவரின் கண்ணில் முதன்முதலாகச் செயற்கை வில்லையை வைத்தார். அன்று மருத்துவ உலகில் பெரியவர்கள் பலர் அவரை எதிர்த்தனர். இன்று மதுரை ஆரோலாப் ஆலையிலிருந்தே அத்தகைய வில்லைகள் பல நாடுகளுக்குச் செல்கின்றன. நான் பேச வந்தது அதன் தம்பியான ஐ.சி.எல். பற்றி. இதில் பிறவி வில்லையை எடுப்பதில்லை. அதற்கும் ஐரிசுக்கும் நடுவேயுள்ள குறுகிய இடைவெளியில் மெல்லிய வில்லை ஒன்றைச் செருகுகிறார்கள். மிகுந்த கிட்டப்பார்வை உடையவர்க்கும், லேசர் தாங்காத மெல்லிய கார்னியா உடையவர்க்கும் இது பெரிய உதவி. தேவையானால் திரும்ப எடுத்துவிடவும் முடியும்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டபின், எங்கள் ஊரார் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் போய் உழைத்துவிட்டு இருட்டிய பின் வீடு திரும்புகிறார்கள். கண் அறுவைக்கும் அதே கணக்குத்தான் போடுகிறோம்: காலையில் அறுவை, மாலையில் ரயில். இந்தக் கணக்கை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

ஏனெனில், முதல் இரவே ஆபத்தான இரவு. வில்லையைச் செருகும்போது கண்ணைக் காக்கக் கூழ் போன்ற ஒரு பொருளை உள்ளே இடுகிறார்கள். அதில் சிறிது தங்கிவிட்டாலும் சில மணி நேரத்தில் கண்ணழுத்தம் ஏறும். கண்ணிலும் நெற்றியிலும் வலி, பார்வையில் மூட்டம், குமட்டல், வாந்தி. ரயில் அலைச்சல் என்று எண்ணிச் சோடா குடித்துப் படுத்துவிட்டால் பார்வை நரம்பே கெடலாம். மருத்துவர் அருகிலிருந்தால், சிறிது நீரை வெளியேற்றியும் மருந்து கொடுத்தும் அழுத்தத்தைத் தணித்துவிடுவார். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் படுத்திருப்பவனுக்கு யார் தணிப்பது?

சுரங்கத்தை அறிந்தவர்களுக்கு இன்னொன்று எளிதில் விளங்கும். காற்று வழி அடைபட்டால் ஆழத்தில் இருப்பவன் கதி என்ன? கண்ணுக்குள் ஓடும் நீருக்கும் வழி வேண்டும். முன்பெல்லாம் அதற்காக ஐரிசில் லேசரால் துளையிட்டார்கள். புதிய வில்லைகளின் நடுவிலேயே நுண்துளை வைத்திருக்கிறார்கள். அப்படியும் வில்லை அளவில் பெரிதாகிவிட்டால் ஐரிசை முன்னே தள்ளி நீர்வழியை நெருக்கும். சிறிதாகிவிட்டால் பிறவி வில்லையை உரசிக் கண்புரையை வளர்க்கும். இரண்டு வில்லைகளுக்கும் இடையே ஏறத்தாழ கால் முதல் முக்கால் மில்லிமீட்டர் இடைவெளி இருப்பது நல்லது. அளவு தவறினால் வில்லையை மாற்றுவார்கள். உருளைப் பவர் உள்ள வில்லை திரும்பிவிட்டால் பழைய நிலைக்குத் திருப்புவார்கள். இரவில் விளக்கைச் சுற்றித் தெரியும் வளையம் பலருக்கு நாளடைவில் மங்கும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. சில நாட்களில் வலியும் சிவப்பும் கூடிப் பார்வை குறைந்தால் தொற்றாக இருக்கலாம். அன்றே ஓட வேண்டும். சொட்டுமருந்தைக் கடையில் கேட்டு வாங்கி நீட்டிக்கொண்டே போவதும் கூடாது. ஸ்டீராய்டுச் சொட்டு சிலருக்குக் கண்ணழுத்தத்தை ஏற்றிவிடும்.

பிறகு ஆண்டுகள் ஓடும். எங்கள் தாத்தாக்கள் மூச்சோடு இழுத்த பாறைத்தூசி அன்றே கொல்லவில்லை. நுரையீரலில் தங்கிப் பல ஆண்டு கழித்தே சிலிகோசிஸ் என்று பெயர் சொல்லிக்கொண்டு வந்தது. நன்றாக இருக்கிறோம் என்ற நினைப்பே பரிசோதனைக்குத் தடையாயிற்று. வில்லை வைத்த கண்ணிலும் கார்னியாவின் உட்புற உயிரணுக்கள் ஓசையின்றிக் குறையலாம். நீண்டு வளர்ந்த கிட்டப்பார்வைக் கண் உள்ளே அப்படியேதான் இருக்கிறது. விழித்திரை கிழியும் அபாயமும் அதனோடு இருக்கிறது. கண்ணாடி போயிற்று, கண் மாறவில்லை. ஆண்டுதோறும் காட்டத்தான் வேண்டும்.

இடையே ஒரு சொல்: ரயில் ஓட்டுநர் வேலையை மனத்தில் வைத்து இந்த அறுவைக்குப் போகிறவர்கள் முதலில் தேர்வு விதிகளைப் படியுங்கள். பார்வைத் திருத்த அறுவை செய்தவரை அவ்வேலைக்கு எடுப்பதில்லை.

அறுவை செய்துகொள்ளும் நண்பர், வில்லையின் அளவும் எண்ணும் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நள்ளிரவில் அழைக்கக்கூடிய தொலைபேசி எண் எது என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். நம் சங்கத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். வெளியூர் மாணவர் எவரேனும் இந்த அறுவை செய்துகொண்டால், முதல் இரண்டு இரவுகள் நகரிலேயே தங்க விடுதியில் ஓர் அறையும், துணைக்கு ஒருவரும் ஏற்பாடு செய்யுங்கள். அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவர எண்ணியிருக்கிறேன்.