முதல் வகுப்பிலேயே பறை, எல்லாப் பிள்ளைகளுக்கும் பறை

சிறுமலை அடிவாரத்து ஊர்களில் சாவுக்கும் பறை, சாமிக்கும் பறை. ஆனால் அதே ஊர்களின் தொடக்கப்பள்ளிக்குள் பறை நுழைவது பெரும்பாலும் ஆண்டுவிழா அன்றுதான். அன்றைக்கும் அதை யார் தோளில் மாட்டுகிறார்கள் என்று பாருங்கள். "உங்க அப்பா அடிப்பாருல்ல, நீ வா" என்று சேரிப்பிள்ளையைத் தேடிக் கூப்பிட்டால், பள்ளிக்கூடமும் ஊர் செய்கிற வேலையைத்தான் செய்கிறது.

சின்னப் பிள்ளைகளுக்குத் தாளம் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்காது. ஆறு வயதுப் பிள்ளை நாலு தட்டு தட்டி, ஐந்தாவதில் கையை நிறுத்தக் கற்றுக்கொண்டால், எண்ணவும் கற்றுக்கொள்கிறது, பொறுக்கவும் கற்றுக்கொள்கிறது. ஒரு தட்டு விழும் நேரத்தில் இரண்டு தட்டினால் அதுதான் பாதி. கரும்பலகையில் பின்னம் வருவதற்கு முன்பே கைக்கு அது தெரிந்துவிடுகிறது. பக்கத்துப் பிள்ளையின் அடியைக் காது கொடுத்துக் கேட்காமல் சேர்ந்து அடிக்க முடியாது. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமே பாட்டும் ஆட்டமுமாகத்தானே நடக்கிறது? அதில் பறைக்கு ஏன் இடமில்லை?

பறையாட்டக்காரர்கள் பாடம் சொல்லும் முறையே இந்த வயதுக்கு ஏற்றதுதான். முதலில் அடியை வாயால் சொல்ல வேண்டும். பிறகு காலால் நடக்க வேண்டும். அதற்குப் பின்தான் கையில் குச்சி. ஒத்தையடி, சாமிச்சாட்டு அடி, வாழ்த்தடி என்று ஒவ்வொரு அடிக்கும் பெயர் உண்டு. வேப்பமரச் சட்டம், மாட்டுத்தோல், மூங்கிலில் சிம்புக்குச்சி, பூவரசில் அடிக்குச்சி, தோலை முறுக்கேற்றத் தீ. இதற்குள்ளேயே அறிவியல் பாடமும் இருக்கிறது.

வகுப்பறைக்குள் மாட்டுத்தோலா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு சேதி. சபாக்களில் வாசிக்கும் மிருதங்கத்திலும் மாட்டுத்தோல் இருக்கிறது. அதைச் செய்து கொடுக்கும் தொழிலாளர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகம் எழுதினார். அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. தோல் எல்லா மேடையிலும் இருக்கலாம், அதைத் தொட்டவன் பெயர் மட்டும் வரக்கூடாது என்பதுதான் அவர்களின் கணக்கு.

நம்மவர்களிடமிருந்தும் ஒரு கேள்வி வருகிறது. "எங்கப்பன் தூக்கி எறிஞ்சதை எம்புள்ள கையில ஏன் கொடுக்கணும்?" இது நியாயமான கோபம். இழவு வீட்டில் பறையடிக்க மறுத்ததற்காக நம் மக்கள் பட்ட அடிகள் கொஞ்சமல்ல. ஆனால் அவர்கள் மறுத்தது எதை? ஆள் அனுப்பினால் போயே ஆகவேண்டும் என்ற கட்டளையை. கூலி என்ற பெயரில் போட்ட பிச்சையை. வாசலுக்கு வெளியே நிற்கவைத்த இழிவை. இவை மூன்றும் பள்ளிக்கூடத்தில் தலைகீழாகுமானால், பிள்ளைகள் கையில் பறை இருக்கலாம். ஒன்று குறைந்தாலும் வேண்டாம் என்றே நானும் சொல்வேன்.

தலைகீழாக்க முடியும் என்பதற்குத் திண்டுக்கல்லிலேயே சாட்சி உண்டு. 1990இல் தொடங்கிய சக்தி கலைக்குழுவில் சகோதரி சந்திரா தலித் இளம்பெண்கள் கையில் பறையைக் கொடுத்தார். ஆண்கள் மட்டுமே அடித்துவந்த கருவியை அந்தப் பெண்கள் மேடையில் நிமிர்ந்து நின்று அடித்தார்கள். சிறுமலைக்குத் தெற்கே அலங்காநல்லூரின் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. விருது கொடுக்கும் அரசு, அவரைப் போன்ற ஆசான்களுக்கு வகுப்பறையில் ஒரு நாற்காலி கொடுக்கட்டும்.

இன்றைய நிலை என்ன? கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணை, கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநரை 6 முதல் 8ஆம் வகுப்பு வரைதான் சொல்கிறது, அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். 2012இல் தமிழ்நாட்டில் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்த 16,549 பகுதிநேர ஆசிரியர்களும் அந்த வகுப்புகளுக்குத்தான். தொடக்கப்பள்ளிக்கு யாரும் இல்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நெடுங்காலமாக நடக்கும் ஏழு பாடங்கள் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். அந்த ஏழில் பறை இல்லை.

ஆகவே நாம் கேட்பது மூன்று. வாரத்தில் ஒரு பாடவேளை, வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும், சாதி பார்க்காமல், ஆண் பெண் பார்க்காமல். கற்றுக்கொடுப்பவர் பறைக்கலைஞராக இருக்க வேண்டும், பட்டம் கேட்டு அவரை வாசலில் நிறுத்தக்கூடாது. அவருக்கு மற்ற ஆசிரியர்களைப் போல மாதச் சம்பளம், பிள்ளைகள் வாயில் 'சார்' என்ற மரியாதை.

ஊர்த்தெருப் பெற்றோர் எதிர்ப்பார்கள், தெரியும். தன் பிள்ளை சேரிக்காரரை 'சார்' என்று அழைத்து, அவர் சொல்லும் அடியைத் திருப்பிச் சொல்வதைச் சாதி பொறுத்துக்கொள்ளாது. இந்தப் பாடம் ஊர்த்தெருப் பிள்ளைக்கும் கட்டாயம் வேண்டும் என்பது அதனால்தான்.

அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதி இடம் பெண்களுக்கு, அதில் நம் தாய்மார்களும் இருக்கிறார்கள். சிறுமலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை, அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதவையுங்கள். எழுத மறுத்தால், மறுத்ததற்கான காரணத்தையும் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.